நூறு கிராம் கடுகு விழுது

அந்தத் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ‘சின்ன எழுத்து’தான். பட்டப்பெயர் வைத்தவன் கைகாரன்தான், அவ்வளவு பொருத்தம். பாட்டிலின் முன்பக்கம் பெரிய எழுத்தில் என்ன வர வேண்டும் என்று முதலாளி சொல்லிவிடுவார். சொல்லாமல் விட முடியாத சங்கடங்களையெல்லாம் பின்பக்கம், அடியில், எறும்பு வரிசை மாதிரி எழுத்தில் அடக்கிவிடுவது இவர் வேலை. உப்பு எவ்வளவு, எந்தச் சாயம், எத்தனை நாள் தாங்கும், எல்லாம் அங்கே இருக்கும். ஒன்றுகூட விட்டுப்போகாது. “நான் இதுவரைக்கும் ஒரு பொய் எழுதினதில்ல” என்று மார்தட்டிக்கொள்வார். அது உண்மைதான். பொய் சொல்லாமலே ஆளைக் கவிழ்க்கத் தெரிந்தவருக்குப் பொய் எதற்கு?

அதற்கு முன்னால் அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அடுத்தவன் எழுதியதில் கால் எங்கே, கொம்பு எங்கே என்று தேடித் தேடிக் கண் போயிற்று, மூக்கில் தடித்த கண்ணாடி வந்தது. லேபிள் எழுதக் கூப்பிட்டார்கள் என்றதும் தலைகால் புரியவில்லை. தானே எழுதலாம், அதுவும் ஊரெல்லாம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி! அவருக்குக் கொடுத்த அறை கடுகு அரைக்கும் கூடத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அங்கே நின்றால் பொலபொலவென்று கண்ணீர் விடுவார்கள். அவருக்கு எல்லாம் பழகிவிட்டது.

கடுகு விழுது என்றொரு சரக்கு அந்தத் தொழிற்சாலையில் விலைபோகாமல் கிடந்தது. கடுகு, எள், மிளகாய், உப்பு, வினிகர் சேர்த்து அரைத்துப் பாட்டிலில் அடைப்பார்கள். உணவோடு கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ள வேண்டியது. ருசி மோசமில்லை, ஆனால் கடையில் அதை எடுத்துப் பார்க்கக்கூட ஆளில்லை. “ஏதாவது செய்யுங்க சார், குடோன்ல இடமில்ல” என்றார் முதலாளி. இவர் சத்துப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கோழிக்கறியின் பட்டியலையும் வைத்தார். புரதத்தில் கோழி எங்கேயோ இருந்தது. மற்றதிலும் விழுது வாலைச் சுருட்டிக்கொண்டது. இரும்புச்சத்து வரிக்கு வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூறு கிராம் கோழியில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு நூறு கிராம் விழுதில் இருந்தது.

‘கோழிக்கறியைவிட ஐந்து மடங்கு இரும்புச்சத்து!’ என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டார். படம் வரைகிற பையன் தன் பங்குக்கு, பாட்டிலுக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும் கோழி ஒன்றை வரைந்துவிட்டான். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரிக்காதவள் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்த பெண் ஒருத்திதான். “சார், நூறு கிராம் கறி சாப்பிடுவாங்க. நூறு கிராம் விழுது யார் சாப்பிடுவா? தொட்டுக்கிறது ஒரு ஸ்பூன்கூட இருக்காது. அதுல என்ன இரும்பு வரப்போகுது? அதோட இதுல இருக்கிற இரும்பு கறியில இருக்கிற மாதிரி உடம்புல சுலபமா ஒட்டாது சார்.”

“அதான் கீழ போட்டிருக்கோமேம்மா, ‘நூறு கிராமுக்கு’ன்னு.”

“அதை யாரு சார் படிப்பா?”

“படிக்காதது அவங்க தப்பு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பாட்டில் பறந்தது. குடோன் காலியானது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அவரைவிடப் பெருமை அவருடைய தங்கைக்கு. விடுதி ஒன்றில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. புருஷன் போன பிறகு மகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறாள். அண்ணனே ஆனாலும் கைநீட்டி ஒன்றும் வாங்கமாட்டாள், அவ்வளவு ரோஷம். ஆனால் லேபிள் கோணலாக ஒட்டிய பாட்டில்களைத் தொழிற்சாலையில் ஆட்களுக்கே சும்மா கொடுத்துவிடுவார்கள். அதை மட்டும் வாங்கிக்கொள்வாள். அது தானமில்லை, அண்ணன் எழுதின எழுத்து. வாரா வாரம் இவர் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் வைத்துவிட்டு, “வேலை இருக்கும்மா” என்று படியிறங்கிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி இறங்க முடியவில்லை. தங்கை வீடு மூன்றாவது மாடி. ஏறும்போது பாதிப் படியில், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு தங்கை மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் காய்கறிப் பை. பதினான்கு வயசுப் பெண்ணுக்கு உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, பார்க்கவே பகீரென்றது.

“என்னம்மா இங்க உக்காந்திருக்க?”

“ஒண்ணுமில்ல மாமா. மூச்சு வாங்குது. இப்ப ஏறிடுவேன்.” வாயை அதிகம் திறக்காமல் பேசினாள்.

பையை வாங்கிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார். தங்கை விடவில்லை. “என்னைக்காவது உக்காந்து சாப்பிட்டிருக்கியா நீ? இன்னைக்குச் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று தட்டை வைத்துவிட்டாள். சோறு, வேகவைத்த முட்டைக்கோஸ். மேஜைக்கு நடுவில், சாமான்களுக்கெல்லாம் ராஜா மாதிரி, கடுகு விழுது பாட்டில்.

“டாக்டர்கிட்டக் காட்டினியா? என்ன சொன்னார்?” என்றார்.

“ரத்தம் கம்மியாம். மாத்திரை கொடுத்தார், வயித்தைப் புரட்டுதுன்னு இவ விட்டுட்டா. கறி, முட்டை, கீரைன்னு ஒரு பாட்டுப் படிச்சார். நான் சிரிச்சுக்கிட்டேன். கறியாவது கிறியாவது! அதைவிட அஞ்சு மடங்கு நம்ம வீட்டுல இருக்கே. கறி வாங்குறதையே நிறுத்திட்டேண்ணே. டாக்டருக்குத் தெரியாதது எங்கண்ணனுக்குத் தெரியும்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னேன்.”

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.   இந்தப் பெண்ணின் வெளுத்த உதட்டுக்கு மருந்தென்று தங்கை நம்பியதை வாரா வாரம் சுமந்து வந்து கொடுத்தது தன் கைதான். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். தங்கைக்கு உலகத்தில் பீற்றிக்கொள்ள இருப்பது ஒரே ஓர் அண்ணன், அதையும் எதற்குக் கெடுக்க வேண்டும்? அப்படித்தான் முதலில் நினைத்தார். நினைத்ததற்கும் சேர்த்துக் கூசினார்.

“நாளைக்கு நான் கோழி வாங்கிட்டு வரேன்” என்றார்.

“வேண்டாம்ணே.”

“ஈரல் நல்லதும்மா. டாக்டர் சொன்னா கேக்கணும்.”

“இந்தக் கதையெல்லாம் வேண்டாம். என் கையில இல்லைன்னுதானே நீ வாங்கிட்டு வரேங்கிற? இருக்கிறதை வெச்சு நான் பாத்துக்குவேன்.”

பூசி மெழுகிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சொல்லும்போது தங்கையின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டாம் என்றிருந்தது.

“அந்த எழுத்தை நம்பாதேம்மா. அது விக்கிறதுக்காக எழுதினது.”

தங்கை சிரித்தாள். “எனக்குக் கறி வாங்கிக் கொடுக்கணும்னு உன் எழுத்தையே மட்டம் தட்டுறியா? பாட்டில்ல போட்டிருக்கு, பொய்யா போடுவாங்க?”

நல்ல கேள்வி. பொய்யில்லைதான். அவர் காலித் தட்டு ஒன்றை எடுத்தார். புதுப் பாட்டிலைத் திறந்து, சரிபாதி விழுதை வழித்துத் தட்டில் கொட்டினார். மஞ்சளும் சிவப்புமாகக் குவியலாக நின்றது. நெடி மூக்கைத் துளைத்தது.

“இதுதான் நூறு கிராம். கோழியை நூறு கிராம் சாப்பிட்டா, இதையும் இவ்வளவு சாப்பிட்டாத்தான் அந்த அஞ்சு மடங்குக் கணக்கு. மனுஷன் சாப்பிட முடியுமா இதை? நீங்க தொட்டுக்கிற துளியில ஒண்ணுமே இல்லம்மா. உப்புதான் இருக்கு.”

தங்கை குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  சுவரோரம் உட்கார்ந்திருந்த தங்கை மகள்தான் பேசினாள்.

“அது எனக்குத் தெரியும் மாமா.”

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“பின்னாடி சின்னதா போட்டிருக்கே, நூறு கிராமுக்குன்னு. பாட்டில் இருநூறு கிராம். அதனால தினமும் பாதி பாட்டில் சாப்பிடுறேன். அம்மா வேலைக்குப் போனப்புறம். முதல்ல முடியல, இப்ப பழகிடுச்சு. தண்ணி குடிச்சுக்கிட்டே முழுங்கிடுவேன்.”

“அடிப்பாவி! பாட்டில் எப்படித் தீருதுன்னு நான் முழிச்சிட்டிருந்தேனே!” தங்கையின் குரல் உடைந்தது. மகளை ஜன்னலோரம் இழுத்துப் போய் வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கும் கன்னத்து உட்புறமும் புண்ணாகிக் கிடந்தன. கண்ணாடியில்லாமலே அந்தச் சிவப்பு அவருக்குத் தெரிந்தது.

“ஏம்மா இதைப் போய்ப் படிச்ச?” என்றார். 

“நீங்க எழுதினதாச்சே மாமா. ஒரு எழுத்து விடமாட்டேன்.”

தங்கை, மகளின் தாடையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். “அண்ணே, இதெல்லாம் எழுதும்போதே உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

“தெரியும்மா” என்றார்.

  தங்கை அலமாரியிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கொண்டுவந்த பையிலேயே போட்டாள். பையை அவர் கையில் கொடுத்தாள். எப்போதும் வாசல்வரை வந்து “போயிட்டு வாண்ணே” என்பவள், மகளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில், அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில், அவரும் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். முன்பக்கம் கோழி தலையைத் தொங்கப் போட்டு நின்றது. பின்பக்கம் திருப்பி, அடியில் தான் எழுதிய அந்த வரியைத் தேடினார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. கண்ணாடியை மேலே தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். திரும்ப ஏறிப் போய் அதைக் கேட்க அவருக்கு முகமில்லை.