அக்காவிடம் கேட்ட கேள்விகள்

குடியிருப்பில் அவளுக்கு ஊசிக்காரி என்று பேர். ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டு வந்த நாளில் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பழங்குடி மக்களின் உடல்நலத்தை அந்த மக்களே ஆராயட்டும் என்று பல்கலைக்கழகம் நடத்திய பயிற்சியில், அந்தக் குடியிருப்பிலிருந்து முதலில் சேர்ந்தவள் இவள்தான்.

அதற்கு முன்னால் வந்துபோன ஆராய்ச்சிக்காரர்கள் கொஞ்சமா நஞ்சமா? எடை பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து இன்ன நோய் என்று சொன்னவன் ஒருத்தன் உண்டா? அதனால் அந்தச் சனம் ஒரு வித்தை பழகி வைத்திருந்தது. எதைக் கேட்டாலும் ஒரு குறையும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னால், ஆள் சீக்கிரம் கிளம்பிவிடுவான். சின்ன வயதில் இவளும் அக்காவும் வாசலில் நின்று எத்தனை பேரை அப்படி வழியனுப்பியிருக்கிறார்கள்! வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடம் நடத்திய பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அதனால்தான் உங்களை அனுப்புகிறோம், உங்களிடம் மறைக்கமாட்டார்கள் என்றார்.

வீடு வீடாகப் போய் நோய்நொடி விசாரிக்கும் கணக்கெடுப்பில், சொந்த வீட்டாரை வேறொருவர்தான் கேட்க வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. அக்கா அந்நியரிடம் வாயே திறக்கமாட்டாள் என்று மன்றாடி, இவள் தானே போக அனுமதி வாங்கினாள்.

கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. அக்கா கட்டிலில் போர்வையை இடுப்புவரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சற்று ஊதியிருந்தது. தூங்கி எழுந்த முகம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். தலையாட்டக் கூடாது, பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதைப் பிசகாமல் செய்தாள். மூச்சு வாங்குகிறதா? சிறுநீர் குறைந்திருக்கிறதா? கால் வீங்குகிறதா?

"ஒரு குறையும் இல்லீங்க" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

கூடப் பிறந்தவளுக்கு மரியாதையைப் பாருங்கள்! கேலி செய்கிறாள் என்று இவளும் சிரித்துவிட்டாள். தொந்தரவு இருக்கிறது என்று சொன்னவர்களுக்குத்தான் அந்தச் சுற்றில் ரத்தப் பரிசோதனை. ஊசிக்காரி அக்காவை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். மீதி வீடுகளையும் முடித்து, மாலை வண்டியிலேயே பயிற்சி மையத்துக்குத் திரும்பிவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. முன்பே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே சமாளித்திருக்கலாம் என்றார் டாக்டர். பாவி மனுஷன், அதை இவளிடம்தான் சொல்ல வேண்டுமா?

என்னிடம் போய் ஏன் மறைத்தாய் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இவள் அழுதாள். அக்காவுக்குப் பேசவே மூச்சு போதவில்லை.

"அன்னைக்கு நீ எங்கடி வந்த? அட்டைய மாட்டிக்கிட்டு யாரோ வந்தாங்க. நீ வருவ, கால காட்டலாம்னு சாயந்திரம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அந்த வாரமே அக்கா போய்விட்டாள்.

அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சொல்லும்படி பேராசிரியை கேட்டுக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். இவளும் அழாமல் எல்லாவற்றையும் சொன்னாள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி, கேள்வியை வேறு எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்றாள், எழுதிக்கொள்ளத் தயாராக.

"கேள்வியெல்லாம் சரியாத்தான் கேட்டேன்" என்றாள் ஊசிக்காரி. "சாயந்திரம் போகல."