நாலு விரல் உயரத்தில் நின்ற பாய்லர்

1. ஆரியசாலை எண்ணெய் மில்

பாய்லர் உருளைத்தடிகளை விட்டு நாலு விரல் எழும்பியிருந்தது. பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தவன் நான். தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். பார்த்ததும் கை நின்றுவிட்டது.

இது யுத்தத்துக்கு முந்தின காலம். திருவனந்தபுரத்தில் ஆரியசாலைச் சந்து ஒன்றில் ஒரு செட்டியார் புதிதாக எண்ணெய் மில் வைத்தார். மூன்று டன் பாய்லரைத் தூக்கி அடுப்பின் மேல் உட்கார்த்தும் வேலை எங்கள் கூட்டத்துக்கு வந்தது. மூன்று தேக்குத்தடிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, முக்காலி போல நிறுத்தியிருந்தோம். உச்சியில் செயின் பிளாக். அதன் கொக்கியிலிருந்து இரண்டு கம்பிவடங்கள் பாய்லரின் இரு முனைக்கும் போயின. கீழே செங்கல் அடுப்புக்குழி. குழியின் குறுக்கே கட்டைகள், கட்டைகள் மேல் உருளைத்தடிகள், அவற்றின் மேல்தான் பாய்லர் இருந்தது. அது எழும்பினதும் தடிகளையும் கட்டைகளையும் உருவ வேண்டும். அதற்காகக் குழிக்குள் இறங்கியிருந்தவன் தங்கையா, என் மனைவியின் தம்பி. சாம்பல் வாரும் வழியாகத்தான் அவன் உள்ளே போகலாம், வரலாம். அந்த வழியும் பாய்லருக்கு நேர் கீழேதான்.

மேஸ்திரி மாதேவன் பிள்ளை நாஞ்சில் நாட்டுக்காரர். பாரம் தூக்குவதில் நல்ல கைராசிக்காரர். கூரை தாழ்வாக இருந்ததால் கொக்கி ஏறுவதற்கு இடம் போதவில்லை. நான் வெளியே தடிக்கு முட்டுக் கொடுக்கும் சக்கை எடுக்கப் போயிருந்த நேரத்தில் அவர் வடங்களைச் சுருக்கிக் கட்டிவிட்டார். நான் திரும்பி வந்தபோது தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கணபதிக்குத் தேங்காய் உடைத்துத் தூக்கின பாரத்தைச் சேர வேண்டிய இடத்தில்தான் இறக்க வேண்டும். பாதியில் இறக்கினால் அந்த இடத்தில் ரத்தம் விழும் என்பார்கள். நானும் அதை நம்பினவன். அதைப் பொய் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது.

2. மனப்பாடம் பண்ணின கணக்கு

வயதான பிறகு தொழிலுக்கு வந்து, கணக்கு என்றாலே பயப்படுகிற தம்பிமார்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிவிட்டு, முப்பது தாண்டித்தான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். இயந்திரம் பூட்டும் பிட்டர் ஆக வேண்டுமானால் கணக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். கரமனையில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சாயங்கால வகுப்பு நடந்தது. வாத்தியார் ஞானமுத்து என்னைவிட மிகவும் இளையவர். அந்த வாரம்தான் பலகையில் ஒரு முக்கோணம் போட்டு அவர் சொல்லியிருந்தார்: வடத்தின் நீளம் கொக்கியின் உயரத்தைப்போல எத்தனை மடங்கோ, பாதிப் பாரத்தை அத்தனை மடங்கு ஆக்கு, ஒரு வடத்தில் விழும் இழுப்பு அதுதான்.

மந்திரம் போல மனப்பாடம் பண்ணினேன். அர்த்தம் பிடிபடவில்லை. இரண்டு பேர் மூட்டை சுமந்தால் ஆளுக்குப் பாதிதானே? எத்தனையோ மூட்டை தூக்கின தோள் என்னுடையது. அது அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஆனால் அன்றைக்கு மேலே பார்த்தபோது வடங்கள் துணி காயப்போடும் கொடி மாதிரிப் படுத்துக் கிடந்தன. வடம் ஆறடி. கொக்கி, பாய்லருக்கு மேலே இரண்டடிதான். ஆக மூன்று மடங்கு. பாதிப் பாரம் ஒன்றரை டன். மூன்று ஒன்றரை நாலரை. அந்த வடம் தாங்கக்கூடியது மூன்று டன். மறுபடியும் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். நாலரைதான் வந்தது.

3. தூக்குக்குண்டு

“ஏண்டே நிறுத்திட்ட? இழு,” என்றார் மேஸ்திரி.

“அண்ணாச்சி, வடம் தாங்காது. இறக்கீரலாம்.”

“ஒத்த வடமே மூணு டன் தாங்கும். இங்க ரெண்டு போட்டிருக்கு. சாயங்காலம் சிலேட்டத் தூக்கிட்டுப் போயி உனக்கு உள்ள புத்தியும் போச்சு.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். நாக்குக் குழறி, மடங்கு முதலில் வந்தது, பாதி பின்னால் வந்தது, எனக்கே விளங்கவில்லை. தேங்காய் உடைத்த பிறகு இறக்கச் சொல்லலாமா, முகூர்த்தம் போய்விடாதா என்று செட்டியார் சடைந்துகொண்டார். வேறொருவன் வந்து என் கையிலிருந்த சங்கிலியைப் பிடித்தான். நான் விடவில்லை.

குழிக்குள்ளிருந்து தங்கையாவின் குரல் வந்தது. “அத்தான், கட்டைய உருவட்டுமா?”

“தொடாத. சுவரோட ஒட்டி இரு.”

மேலே வடம் ‘கிர்’ என்று முனகிற்று. புது வடமும் பாரம் ஏறினால் முனகும். அதனால் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. விநாயகனே, எனக்குப் பேசத் தெரியவில்லை, நீதான் வழி காட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்போது கொத்தனார் சுவரில் மாட்டி வைத்திருந்த தூக்குக்குண்டு கண்ணில் பட்டது. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே எட்டி அதை எடுத்தேன். குண்டை நூலின் நடுவே வழுக்கி வரச் செய்து, இரண்டு நுனியையும் மேஸ்திரியிடம் நீட்டினேன்.

“இதைக் கையில பிடியுங்க அண்ணாச்சி. ஒரு தடவை மட்டும்.”

அவர் முறைத்தார். ஆனாலும் வாங்கினார். இரண்டு கையும் சேர்ந்திருந்தபோது குண்டு சும்மா தொங்கிற்று. கைகளை அகட்டச் சொன்னேன். அகட்டினார். இன்னும் அகட்டி, நூலை நேராக்கச் சொன்னேன். இழுத்தார். தோளில் நரம்பு புடைத்தது. விரல் வெளுத்தது. குண்டு என்னவோ அரைச் சேர்தான். நூல் நேராகவே இல்லை.

அவர் நூலைப் பார்த்தார். பிறகு மேலே வடத்தைப் பார்த்தார்.

“எறக்குடே,” என்றார் மெதுவாக. “பைய.”

செட்டியார் மறுபடியும் தேங்காயைச் சொன்னார். “பிள்ளையார்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீரு ஓடு பிரிக்க ஆளச் சொல்லும்,” என்றார் மேஸ்திரி.

நாலு விரல் இறக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ எனக்குத் தெரியாது. ஒரு கண்ணியை விடுவேன், வடத்தைப் பார்ப்பேன், அடுத்த கண்ணியை விடுவேன். உருளைத்தடியில் பாய்லர் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். தங்கையா செங்கல்பொடியும் சுண்ணாம்புமாகத் தவழ்ந்து வெளியே வந்தான்.

கூரை ஓட்டைப் பிரித்து, நீளத்தடி மாற்றி, கொக்கியைப் பாய்லருக்கு மேலே ஆறடிக்கு உயர்த்தினோம். வடத்தையும் நீட்டினோம். அது எட்டேகால் அடி வந்தது. ஒரு வடத்தில் விழும் இழுப்பு இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, தாங்கக்கூடிய மூன்றுக்கு உள்ளே. மேஸ்திரி என்னை இரண்டு முறை கணக்குப் போடச் சொல்லிக் கேட்ட பிறகே தங்கையாவைத் திரும்ப உள்ளே அனுப்பினார். பொழுது சாயும்போது பாய்லர் அடுப்பின் மேல் சரியாக உட்கார்ந்தது.

வடத்தைக் கழற்றியதும், முன்பு சுருக்கிக் கட்டியிருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. நான் பிடிவாதம் பிடித்தது சரிதான் என்று காட்ட ஒரு அத்தாட்சியும் இல்லை. அன்றைக்கு என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த தங்கையா, “ஒரு மணிக்கூர் வேலைய ஒரு பகலாக்கி, ரெண்டு தடவை குழியில இறக்கி வேக வச்சிட்டீங்க அத்தான்,” என்று சடைந்துகொண்டே இருந்தான். என் மனைவி அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

தம்பிமார்களே, கணக்குச் சரியாக இருந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் உங்களை மெச்சவும் மாட்டார்கள். அதற்காகக் கணக்குப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.