பனிப்பெண்ணுக்குக் கட்டிய எதிர் எடை

லிஃப்ட் மெக்கானிக்கால் எதையும் சும்மா விட முடியாது. கூண்டு மேலே ஏறினால் எதிர் எடை கீழே இறங்க வேண்டும். பதினோரு வருடமாக அதைச் சரிபார்த்த புத்தி. ஞாயிறு மதியம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் நடத்திய பகடை ஆட்டத்திலும் அதே புத்திதான். ஆளுக்கொரு கற்பனை இனம். அவன் சொல்லும் கதைக்குள் அந்த இனத்தாராகவே நடமாட வேண்டும். இறக்கைக்காரர்களுக்கு எலும்பு மெலிது, ராட்சதர்களால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது என்று ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு குறையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

அக்கா எடுத்தது பனியினம். பனிமூட்டம்போல் சுவரை ஊடுருவிப் போகிறவர்கள். இரண்டே வாரத்தில் பூட்டு, காவல், கோட்டை எல்லாம் அவளுக்குத் தூசாகிவிட்டன. அவள் கணவரான மாமாவும் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க எதுக்குப்பா, கை தட்டறதுக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மெக்கானிக் ஓர் எதிர் எடை கண்டுபிடித்தான். அக்கா ஆடும் அந்தப் பனிப்பெண்ணைப் பற்றி அக்காவைத் தவிர மற்ற மூவரும் ஆளுக்கு இரண்டு சீட்டு எழுதி டப்பாவில் போட வேண்டும். அவள் ஒரு சுவரைத் தாண்டினால் ஒரு சீட்டைப் படித்துக் கிழிப்பார்கள். எழுதியவர் அதை மறந்ததாக நடிக்க வேண்டும். கற்பனைப் பெண்ணை யோசிக்கச் சோம்பல்பட்டு மூவரும் அக்காவைப் பற்றியே எழுதினார்கள்.

'டீயில் சர்க்கரை ஆகாது' கிழிந்த மறுவாரம், மாமா இரண்டு ஸ்பூன் போட்ட டீயை அக்கா முன்னால் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. 'இடது காது கேட்காது' கிழிந்தபின், எப்போதும் அவளுக்கு வலப்பக்கம் உட்காரும் மருந்துக்கடைக்காரர் இடப்பக்கம் உட்கார்ந்தார். பேசினால் பதிலே இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்தான். அவன் கையெழுத்திலேயே ஒன்று இருந்தது. யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் இருந்தது.

"அக்கா, நீ எப்பவாவது என்னைத் தண்ணியிலேர்ந்து தூக்கினியா?"

அவள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். முழங்கையிலிருந்த நீளத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

அப்போது டப்பாவில் ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம். விதியை எடுத்துவிடலாம் என்றான். மற்ற இருவரும் மசியவில்லை. விதி போனால் மறுபடி அவள் ராஜ்ஜியம்தான் என்றார்கள். எல்லாரும் சம்மதித்தால்தான் மாற்றம் என்று அவனே வைத்த ஏற்பாட்டை அவனுக்கே எடுத்துக் காட்டினார்கள்.

அந்த ஞாயிறு பகடை விழுந்தபடி, கதைக்குள் அக்கா, மாமா, மருந்துக்கடைக்காரர் மூவரும் நிலவறையில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் மார்பு வரை ஏறிவிட்டது. மதகைத் திறக்கும் சக்கரம் சுவருக்கு அந்தப் பக்கம்.

"போம்மா, ஒரு செவுருதானே," என்றார் மாமா.

அக்கா டப்பாவைப் பார்த்தாள். பிறகு மாமாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"வேணாம்டா. முங்கிடலாம்," என்றாள் தம்பியிடம்.

மூவரும் மூழ்கினார்கள். ஆட்டம் அதோடு முடிந்தது. மாமாவுக்கு ஒரு வாரம் கோபம் ஆறவில்லை.

அன்று படியிறங்கும்போது மெக்கானிக் டப்பாவைத் திறந்தான். மாமாவின் கோணல் எழுத்து: 'இவ என் பொண்டாட்டி.' அதை நான்காக மடித்து, கருவிப்பெட்டியின் அடியில், லிஃப்டில் எடை ஏற்றிச் சோதிக்கும் இரும்புக் கட்டிக்குக் கீழே வைத்தான்.

மாமா இன்றும் இரண்டு ஸ்பூன் போடுகிறார். அக்கா அதைக் குடித்துவிடுகிறாள்.