பன்னிரண்டு பதினெட்டு

எபநேசர் வேலை பார்த்த ரயில்வே கேட், கோவில்பட்டிக்குத் தெற்கே மணியாச்சிக்குப் போகும் பாதையில் இருந்தது. ஒரு கொட்டகை, ஒரு போன், ஒரு டைம்பீஸ், சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, போன் மணி காதில் விழும் தூரத்தை அவர் தாண்டக் கூடாது. அந்தத் தூரம் நடந்தால் நாற்பது எட்டு. அளந்து வைத்திருந்தார்.

1957 பங்குனியில் கொட்டகைக்குப் பின்னால், தரைக்கு மேல் நாலடி நிற்கும்படி இரும்புக் கம்பி ஒன்றை ஊன்றி, அதன் நிழல் முனையில் கருவேல முள்ளைக் குத்தினார். அந்த நாற்பது எட்டுக்குள் செய்ய வேறு எதுவும் இல்லை. நாளுக்கு நாள் உச்சி நிழல் அரை விரலுக்கும் குறைவாகக் குறுகிக்கொண்டே வந்தது. ஆனால் நிழல் மிகவும் குறுகும் அந்த உச்சி நேரம் பன்னிரண்டு மணிக்கு வரவில்லை. சித்திரை நெருங்கியபோது அது பன்னிரண்டு பதினெட்டு. டைம்பீஸ் மேல் சந்தேகப்பட்டு, தினமும் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு மணி கேட்டார். டைம்பீஸ் சரியாகவே ஓடியது.

மகள் கிருபாவின் பூகோளப் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது. கடிகாரம் காட்டுவது கிழக்கே எங்கோ உள்ள ஒரு தீர்க்கக்கோட்டின் நேரம். உச்சி வெயில் இங்கே வந்து சேரப் பிந்தும். அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. வருஷத்தில் இரண்டு நாள், சித்திரை பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும், இந்தப் பக்கம் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நட்டுக்குத்தலாக நிற்கும் எதற்கும் அப்போது நிழல் இருக்காது. அதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டார்.

மத்தியானப் பாசஞ்சர் அந்தக் கேட்டைக் கடப்பதும் அதே நிமிடத்தில்தான்.

வண்டியை அனுப்பி, கேட்டைத் திறந்து, கொட்டகைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தால், நிழல் கிழக்கே இரண்டு விரல் சாய்ந்திருக்கும். ஆவணியில் மேகம். மறு வருஷம் ஒரு நாள் லீவு கேட்டார்.

"என்ன விசேஷம்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நிழல் பாக்கணும் சார்."

"பொண்ணு பாக்க லீவு கேட்டிருக்கான், மாடு பாக்கக் கேட்டிருக்கான். நிழல் பாக்க நீர்தாம்வே மொதல் ஆளு."

மாற்று ஆள் இல்லை என்று முடிந்தது. வீட்டில் மனைவி எஸ்தர்ராணி சிரித்தாள். "ஊரே நிழலத் தேடி ஓடுது. இவியளுக்கு அது இல்லாமப் போறதப் பாக்கணுமாம்."

1960இல் அந்த நாளில் பாசஞ்சர் பிந்தியது. எபநேசர் சரியான நிமிடத்தில் கம்பியருகே நின்றார். நிழல் ஒரு விரல் நீளத்துக்கு மறையாமல் கிடந்தது. நூலில் போல்ட்டு நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். கம்பி சாய்ந்திருந்தது. ஐப்பசி மழையில் உப்பிப் பங்குனியில் வெடிக்கிற மண்ணில் மூன்றடி ஆழம் ஊன்றியதை நம்பியிருந்தார். வேலிக்கல்லே நேராக நிற்காத கரிசல் அது. மூன்று வருஷக் குறிப்பையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

பிறகு கம்பியை விட்டுவிட்டார். மூன்று கம்புகளை முக்காலியாகக் கட்டி, நடுவில் நூலும் நட்டும் தொங்கவிட்டார். மண் எப்படிப் போனாலும் நூல் நேராகத் தொங்கும். முக்காலியைத் தூக்கிவந்து, கொடி காட்ட நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கவும் முடிந்தது.

1962, சித்திரை முதல் நாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பன்னிரண்டு பத்துக்குக் கேட்டை அடைத்தார். அந்தப் பக்கம் இரண்டு பருத்தி வண்டிகள். இந்தப் பக்கம் ஆட்டுமந்தையோடு மாயகிருஷ்ணன். அவன் தினமும் அந்த வழி வருகிறவன்.

"என்ன அண்ணாச்சி, பொங்கல் வைக்கப் போறியளா? பானையக் காணோம்?"

"ஆட்ட அங்கிட்டே வச்சுக்கோ வே. நூல்ல பட்டுரப் போகுது."

தெற்கே புகை தெரிந்தது. எபநேசர் இடது கையில் பச்சையை விரித்தார். வலது கையில் சுருட்டிய சிவப்பு. நூலின் நிழல் நட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு விரல். இன்னும் நகத்தளவு.

எஞ்சின் வந்துவிட்டது.

வண்டி கடக்கும்போது கேட்காரரின் கண் சக்கரங்களில்தான் இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு கூட்ஸ் வண்டியில் அச்சு சிவந்து புகைந்ததைப் பார்த்துச் சிவப்புக் கொடி காட்டியவர் அவர். தலையைக் குனிய ஒரு நொடி போதும். அந்த நொடியில் எந்தச் சக்கரம் போகும் என்று அவருக்குத் தெரியாது.

"அண்ணாச்சி! நூலுக்கு நிழலக் காணோம்!" மாயகிருஷ்ணன் கத்தினான். "ஐயோ, குனிஞ்சு பாருங்க!"

"நட்டுக்கு?" சக்கரங்களைப் பார்த்தபடியே எபநேசர் கத்தினார்.

"அதுக்கு நேரா அடியில வட்டமா கெடக்கு. நூலுக்கு ஒண்ணுமே இல்ல!"

மூன்றாவது பெட்டி. நான்காவது. கடைசியில் கார்டு பச்சைக் கொடி அசைத்துப் போனார். எபநேசர் குனிந்தார். நூலுக்குக் கிழக்கே மெல்லிய கோடு ஒன்று நகத்தளவு வெளியே வந்திருந்தது.

"ஒம்ம நிழல் எங்கயும் ஓடிப் போகல, கேட்டத் தெறயும்!" என்றார் வண்டிக்காரர் ஒருவர்.

திறந்தார். வண்டிகளும் ஆடுகளும் போன பிறகு நோட்டில் எழுதினார்: "12.18. நூலுக்கு நிழல் இல்லை. பார்த்தவர் மாயகிருஷ்ணன். நான் பார்க்கவில்லை."

போன் அடித்தது. அடுத்து ஒரு கூட்ஸ். கேட்டை அடைக்கப் போனார்.