சீல் வச்ச பன்னி

வைக்கப்பிரியைக் கொளுத்தி, அறுத்த பன்னி மேல ஓட்டி மயிரைப் பொசுக்கிக்கிட்டே வாங்க வந்தவங்களைத் திட்டுறது அம்சத்துக்கு வழக்கம். பாபநாசத்துல ஞாயித்துக்கிழமை அவகிட்டக் கறி வாங்குற ஒருத்தராவது திங்க வாங்குறதா ஒத்துக்கிட்டது கிடையாது. எல்லாம் மூலத்துக்கு மருந்தாம். "ஊருக்கே மூலம். மருந்துல கொழுப்பு கொஞ்சம் சேத்துப் போடுன்னு கேக்குறானுவோ"ம்பா.

கூலி நெல்லை ஏத்திக் கேட்டு மிராசுதார் வயல்ல கொடி நட்டதுல அவ நடவு வேலை போச்சு. அன்னையிலேருந்து பன்னிதான் சோறு போடுது.

இந்தத் தையிலேருந்து புதுச் சட்டம். சீல் இல்லாத கறியில பினாயில் ஊத்திப் புதைச்சிடுவாங்க. சீல் வேணும்னா பேரூராட்சி ஆட்டுத்தொட்டியில அறுக்கணும். பன்னியை ஓட்டிக்கிட்டுப் போனவளை வாசல்லயே மறிச்சார், அங்க ஆடு அறுக்குற ஜெக்கரியா பாய். "அக்கா, இது உள்ள வந்துச்சுன்னா நாளைக்கு எங்கிட்ட எவன் கறி வாங்குவான்?" நியாயம்தானே. சட்டம் எழுதுனவரு ஆட்டுத்தொட்டிப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

"சரி, உன் கொட்டாயிலேயே அறு, நான் வந்து சீல் வைக்கிறேன்"னார் சுகாதார இன்ஸ்பெக்டர். ரத்தத்தைப் பார்த்தா அவருக்குத் தலை சுத்தும். அதனால முதல் நாள் சாயங்காலமே வந்து, மூக்கைப் பொத்திக்கிட்டு, உசுரோட நின்ன வெள்ளைப்பன்னி முதுகுல ஊதா முத்திரையைக் குத்திட்டுப் போனார். விடிஞ்சதும் அம்சம் அறுத்து வாட்டினா. மயிரோட சீலும் பொசுங்கிடுச்சு.

"சீல் எங்கம்மா?" காலையில சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஜீப்புல இருந்தபடியே கேட்டார்.

"தீயில போயிடுச்சுங்க. வாட்டாத தோலை எவன் திம்பான்?"

"வாட்டுறதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லையே."

முழுப் பன்னியும் குழிக்குள்ள போச்சு. இன்னொண்ணு போனா மிராசுதார் வாசல்ல போய்த்தான் நிக்கணும். அதுக்கு அவ பட்டினி கிடப்பா.

அடுத்த ஞாயிறு சீல் மேல மட்டும் ஈரச்சாக்கைப் போட்டுட்டு மிச்சத்தை வாட்டினா. மஞ்சள் தேய்ச்ச பளபள உடம்புல ஒரு கையகலத்துக்கு முள்ளுமுள்ளா மயிரு, நடுவுல ஊதா சர்க்கார். இன்ஸ்பெக்டர் எட்டி நின்னு பார்த்தார். "இப்படித்தான் சுத்தமா இருக்கணும்"னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிக்கிட்டார்.

ஏறினவர் கிளம்பலை. பியூன்தான் இறங்கி வந்து, "சாருக்கு நல்ல கறியா ஒரு கிலோ"ன்னு மெதுவா கேட்டான்.

அம்சம் கத்தியை எடுத்தா. மயிரும் முத்திரையுமா அந்தத் துண்டை அறுத்து, தேக்கு இலையில கறிக்கு மேலாக வச்சுக் கட்டிக் கொடுத்தா.