லண்டன் சேமக்காலையில் வாளி மேளம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. குருநகரில் பிறருடைய தகரக் கொட்டிலில் ஐஸ் உடைத்துத் தொடங்கியவன் நான். இன்று இரண்டு ஐஸ் தொழிற்சாலை, மூன்று மாடி வீடு, பதினாறு பேர் வாசிக்கும் பாண்ட் கோஷ்டி. ஒருவரும் கைகொடுக்கவில்லை. எங்கள் பக்கம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், செத்தவீடு என்றால் சவப்பெட்டிக்கு முன்னால் பாண்ட் போக வேண்டும். முதல் ட்ரம் இன்றும் இந்த அமிர்தநாதன்தான்.

என் தங்கை ஜெசிந்தா லண்டனில் தவறிவிட்டாள். "நான் முந்திப் போனால் நீதான் அடிக்கோணும் அண்ணை" என்று என்னிடம் வாக்கு வாங்கியவள். எனக்கு முந்தியே விசா இருந்தது, கோஷ்டிக்கு எடுக்க நாளில்லை. என் ட்ரம்மையோ அளவு பெரிதென்று விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். இரண்டு ட்ரம் குச்சியை மட்டும் பயணப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

காலை 7.40, ஹீத்ரோ. தங்கையின் மகன் ரெஜி வந்திருந்தான். ஹமர்ஸ்மித்தில் ரயில் மாறி, ஒன்றரை மணி நேரத்தில் தங்கை வீடு இருக்கும் பிளேஸ்டோ. பெட்டியை வைத்த கையோடு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ் கொடுத்து பஸ்ஸில் ஈஸ்ட் ஹாம் போனேன். நகைக்கடை இருக்கிறது, சேலைக்கடை இருக்கிறது, பனங்கிழங்கு ஒடியல் மாவுகூட இருக்கிறது. வாடகைக்கு ஒரு ட்ரம் இல்லை! ஐயா, தமிழர் இவ்வளவு பேர் வாழும் ஊரில் சாவுக்கு மேளம் இல்லையென்றால் நான் எதை நம்புவது?

மறுநாள் காலை 11.15. கோயிலில் பூசை முடிந்து சேமக்காலைக்கு, கல்லறைத் தோட்டத்துக்கு, வந்தோம். மழைத் தூறல். சவப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கியதும், தங்கையோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த பெண்கள் பத்துப் பேர் முன்னால் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தி போனை ஸ்பீக்கரில் இணைத்தாள். பாட்டு வந்தது. ஆடியபடி குழியை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள், பெட்டியைத் தூக்கியவர்கள் பின்னால் போனார்கள்.

நான் கத்தினேன்.

"நிப்பாட்டுங்கோ! ரெஜி, என்னடா இது கூத்து?"

"சத்தம் போடாதேங்கோ மாமா. இது தென்னாபிரிக்காப் பாட்டு, உலகம் முழுக்க ஆடினது. கொரோனா நேரம் ஷிப்ட் முடிய இவையள் கார் பார்க்கில ஆடுறவை. அம்மாதான் கேட்டவ, தன்ர பெட்டிக்கு முன்னாலயும் ஆடச் சொல்லி."

"ஜெசிந்தாவோ? தன்ர கலியாணத்திலயே கதிரையை விட்டு எழும்பாதவள்!"

அவன் வீடியோவைக் காட்டினான். நீலச் சீருடை, முகக்கவசம். முன்வரிசையில் வலது காலைத் தட்டித் திரும்புகிறவள் என் தங்கை. செத்த செய்தி கேட்டபோதுகூட நான் இப்படி அதிர்ந்து நிற்கவில்லை.

"பாட்டில என்ன சொல்லுது?"

"அம்மாவுக்கும் தெரியாது மாமா. காலுக்கு மட்டும் தெரியும்."

அப்போது பாட்டு நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை. பெண்களின் கால் தடுமாறியது. தூக்கியவர்கள் பாதி வழியில் நின்றார்கள். வரிசைத் தலைவி, தண்டி என்று பெயர், தென்னாபிரிக்காவின் சூலு இனத்தவள், என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"'நீங்கதானே ட்ரம் அண்ணை' எண்டு கேக்கிறா" என்றான் ரெஜி.

பூவுக்குத் தண்ணீர் ஊற்றும் பிளாஸ்டிக் வாளியொன்று குழாயடியில் கிடந்தது. கவிழ்த்து இடுப்போடு அணைத்து, ரெஜியைப் பிடிக்கச் சொல்லி, கோட்டுப் பையில் வைத்திருந்த குச்சியை எடுத்தேன். எங்கள் ஊர் அடி அவர்கள் காலுக்குப் பொருந்தவில்லை. அதை விட்டேன். தண்டியின் வலது பாதத்தையே பார்த்து அடித்தேன்.

"மெல்ல அடிக்கட்டாம் மாமா. பிளேனையோ பிடிக்கப்போறார் எண்டு கேக்கிறா."

தாளம் விழுந்தது. கால்கள் சேர்ந்தன. பெட்டி நகர்ந்தது. குழிவரை மீதி நூறு கஜம். ஒரு அடி பிசகவில்லை, பாதிரியாரே தலையாட்டினார்.

பத்தாம் நாள் திரும்ப விமானம் ஏறினேன். எங்கள் ஊரில் மேளத்துக்கு ஒருவரும் ஆடுவதில்லை. தலை குனிந்துதான் நடப்பார்கள். எது சரி என்று எனக்கு இன்னும் தெளியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அச்சுக்குப் போகவிருக்கும் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் மாதிரிப் பிரதி போனில் வந்திருக்கிறது. நன்றி நவிலலில் பூக்காரர், சாப்பாடு தந்தவர், ஆடிய தண்டியும் தோழியரும், பாட்டைப் போட்டவர் எல்லோரும் உண்டு. பாதி வழியில் நின்ற பாட்டுக்கு நன்றி, மீதி வழிக்கு ஒரு வரி இல்லை! 'துயருறும் சகோதரர்' என்று என் பெயர் முதல் பக்கத்தில் இருக்கிறது. அது செத்தவீடு வராத தம்பிமாருக்கும் போட்டிருக்கிறது.

ரெஜி, நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையைப் பார்க்கிறாயானால் மலரின் அச்சை நிறுத்து. தண்டியின் பெயருக்குக் கீழே எழுது: மேளம், அமிர்தநாதன், குருநகர். வாளி என்று போட்டாலும் பரவாயில்லை. அடித்தது யார் என்று இருக்க வேண்டும்.