புகார் தொடக்கம், புகார் முடிவு

ஒரு குரலைக் காக்க நான் நட்ட குறியே அதை அறுக்க வழிகாட்டியது என்றால், பழி தீர்க்கும் உரிமை எனக்கா, குரலுக்கு உரியவருக்கா?

மட்டாஞ்சேரியில் ஒரு சமூக வானொலியில் தமிழ்ப் பதிவுகளைத் தொகுக்கிறேன். எங்கள் தயாரிப்பாளருக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆகவே திரையில் ஓடும் ஒலிக்கோட்டின் மேல், முக்கியமான இடங்களில் கொடி போன்ற குறிகளை வைத்து, மலையாளத்தில் பெயரிட்டுக் கொடுப்பேன். குறியை அழுத்தினால் ஒலி அங்கிருந்து தொடங்கும்.

பள்ளுருத்தியில் கால்வாய் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் பேசினார். கையுறை கேட்டு அலுத்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து அவரை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பகுதி விடுபடக் கூடாதென்று இரு முனையிலும் ‘புகார் தொடக்கம்’, ‘புகார் முடிவு’ என்று குறித்தேன். தயாரிப்பாளர் இடைப்பட்டதைத் துல்லியமாக நீக்கினார். அவர்களுடைய ஒப்பந்தக்காரர் எங்கள் விளம்பரதாரர். ஒலிபரப்பானது, வேலை கொடுத்ததற்கு அக்கா சொன்ன நன்றி மட்டும்.

“கான்ட்ராக்டருக்கு நல்லா சோப்புப் போட்டியே, உனக்கு மட்டும் கையுறை வந்துச்சா?” என்றார்களாம் கூட்டாளிகள். அவருடன் சாயா குடிக்கவும் யாரும் வரவில்லை.

சில வாரங்களில் நேயர் கூட்டம். ஒப்பந்தக்காரரை மேடையேற்றி, அந்த நன்றியை மறுபடி ஒலிக்கவிடத் தயாரிப்பாளர் திட்டமிட்டார். குறியிட்டுத் தரச் சொன்னார். நான் அக்காவிடம் போனேன்.

“முழுசும் போட்டா உங்க வேலை போகலாம் அக்கா.”

“போனா கப்பைக்கிழங்கு வித்துப் பொழைப்பேன். காட்டிக்கொடுத்தவங்கிற பேரோட பொழைக்க முடியுமா? நீ போடு மோளே.”

வெட்டப்படாத மூலப் பதிவைத் திறந்து, ‘நன்றி’ என்ற குறியைப் புகாரின் முதல் சொல்லில் நட்டேன்.

கூட்டத்தில் அதைத் தயாரிப்பாளரே அழுத்தினார். “அழுகின தண்ணியில வெறுங்கைய விடுறோம். நகம் கழண்டு வருது. கேட்டா கான்ட்ராக்டர் சிரிக்கிறாரு.” மேடையில் ஒப்பந்தக்காரர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், பிறகு இல்லை. தயாரிப்பாளரின் கை நிறுத்த விரைந்தது.

“நிறுத்தாதீங்க சேட்டா,” முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். “என் குரலுதானே, முழுசா கேளுங்க.”

பெண்கள் கைதட்டினார்கள். தயாரிப்பாளரின் வெளுத்த முகத்தை இமைக்காமல் பார்த்தேன். இரக்கம் வரவில்லை, வர வேண்டுமென்று விரும்பவும் இல்லை.

கையுறை இன்னும் வரவில்லை. விளம்பரம் நின்றுவிட்டது. அக்காவின் வேலை இருக்கிறது. அவருடன் சாயா குடிக்க எல்லாரும் வருகிறார்கள். பேசியவர் கேட்டுச் சம்மதிக்காமல் எங்கள் நிலையத்தில் இப்போது எந்தப் பதிவும் ஒலிபரப்பாவதில்லை.